அப்பாவின் கோப்புகளை யார் தொடர்வது?

வாசகியின் கடிதம்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு, வணக்கம்.

எனக்கு 36 வயது. பெருநகரம் ஒன்றில் தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. கணவர், பள்ளிக்குப் போகும் ஒரு மகள். சொந்த ஊர் வட மாவட்டத்தில், ஏரிப் பாசனத்தை நம்பியிருக்கும் ஒரு கிராமம். அப்பா அங்கே கிளைத் தபால் நிலையத்தில் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 69.

ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் அப்பாவைத்தான் தேடி வருவார்கள். முதியோர் உதவித்தொகை, பட்டா பெயர் மாற்றம், வாரிசுச் சான்று என்று ஞாயிற்றுக்கிழமை திண்ணை நிறைந்திருக்கும். காசு வாங்க மாட்டார். எழுதி முடித்ததும் மனுதாரருக்கு வாசித்துக் காட்டி, "நீங்க சொல்ல வந்தது இதுதானே?" என்று கேட்ட பிறகே கையெழுத்து வாங்குவார். மனுவில் ஒரு வார்த்தைகூடக் கூட்டி எழுத மாட்டார். கிராம சபையில் தீர்மானத்தை எழுதி முடிக்கும்வரை எழுந்து வர மாட்டார். "மேலே என்ன எழுதியிருக்குன்னு பார்க்காம கீழே கையெழுத்துப் போடக்கூடாதும்மா" என்பது சிறுவயதிலிருந்து நான் கேட்டு வளர்ந்த பேச்சு. அவரோடு கடுமையாக மோதிய ஒருவர் வீட்டுப் பாட்டிக்கு உதவித்தொகை நின்றுபோனபோது, அதற்கும் அவரே மனு எழுதினார்.

எனக்கு அப்பாவைப் போல் வேறு யாரையும் பிடித்ததில்லை. இப்போது அதுவே எனக்குச் சுமையாகிவிட்டதோ என்று தோன்றுகிறது. எங்கள் தெருவில் சாக்கடை நீர் தேங்குவதைப் பற்றிப் பேச வேண்டுமென்று வார்டுக் கூட்டத்துக்குப் போனேன். எழுதி எடுத்துப் போன தாளைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நெஞ்சு படபடத்து வாய் வரவில்லை. அப்பாவின் மகளுக்கு இவ்வளவுதானா தைரியம் என்று அன்றிரவு முழுக்கத் தூக்கமில்லை.

வீட்டில் சொத்துவரிப் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்திருந்தோம். இடையில் ஒருவர் பணம் கேட்டார். கொடுத்து முடித்துவிடலாம் என்கிறார் கணவர். நான் மறுத்தால், "உங்க அப்பா மாதிரி எல்லாராலும் இருக்க முடியாது" என்கிறார். அவர் கெட்டவர் இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் என் மனம் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறது.

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. அம்மா இப்போது வெளிப்படையாகவே சொல்கிறார்: "ஊருக்கு உழைச்சது போதும். இந்த வீட்டுக்கு என்னைக்கு உழைச்சார்?" எனக்கு அம்மா மீது கோபம் வருகிறது. யோசித்தால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஏரியின் கலங்கல் (உபரி நீர் வழியும் இடம்) பக்கம் ஆக்கிரமிப்பு நடந்திருக்கிறது. அப்பா பல வருடமாக மனு கொடுத்து வருகிறார். சமீபத்தில் பைக்கில் வந்த இருவர், "வயசான காலத்துல பேசாம இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். அப்பா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்று போனில் என்னிடம், "எனக்கப்புறம் இந்த ஃபைலையெல்லாம் என்னம்மா பண்றது?" என்று கேட்டார். அப்படி அவர் கேட்டதே இல்லை.

தொடர வேண்டும் என்று ஆசை இருக்கிறது. தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. வழி சொல்லுங்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

ஆலோசகரின் பதில்

அன்புள்ள வாசகிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பைக்கில் வந்து சொன்னது மிரட்டல். அப்பா அதைச் சிரித்து ஒதுக்கலாம், நீங்கள் ஒதுக்க வேண்டாம். அந்தச் சம்பவம் நடந்த நாள், நேரம், இடம், அவர்கள் சொன்ன வார்த்தைகள் (மாற்றாமல் அப்படியே), வண்டி எண் தெரிந்தால் அது, அப்போது பக்கத்தில் இருந்தவர்கள் பெயர் எல்லாவற்றையும் இன்றே எழுதி வாங்குங்கள். ஒரு மாதம் கழிந்தால் வார்த்தைகள் மாறிவிடும். அதை வைத்துக் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டுப் பெறுங்கள். குற்றம் செய்யும் நோக்கில் மிரட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவில் வருகிறது. நிலையத்தில் வாங்க மறுத்தால் அதே புகாரைத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு அந்த வழியைத் தருகிறது. அப்பா இனி ஏரிக்கரைக்குப் படம் எடுக்கவோ அளக்கவோ தனியாகப் போகக் கூடாது. இதில் பேச்சுக்கு இடமில்லை.

ஆபத்தைக் குறைக்க இன்னொரு வேலையும் இருக்கிறது. இத்தனை காலம் ஏரி மனு ஒரே கையெழுத்தில் போயிருக்கிறது. ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் அவர் வாயை அடைத்தால் போதும் என்று எதிர்த்தரப்பு நினைக்கும். அடுத்த மனுவில் அந்த ஏரித் தண்ணீரில் பயிர் செய்யும் ஆயக்கட்டுதாரர்கள் ஐந்து பேராவது சேர்ந்து கையெழுத்திடட்டும். நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் இருந்தால் அதன் பெயரில் போவது இன்னும் நல்லது. அப்பா மனுவை எழுதித் தரட்டும், முதல் பெயர் அவருடையதாக இருக்க வேண்டியதில்லை. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவருக்கு இது மருத்துவக் காரணத்துக்காகவும் நல்லது. மனு எழுதுவதில் அவருக்குக் கிடைக்கும் நிறைவு அப்படியே இருக்கும், நேருக்கு நேர் மோதும் பதற்றம் மட்டும் குறையும்.

இனி உங்கள் விஷயம். உங்கள் கடிதத்தை மறுபடி படித்துப் பாருங்கள். அப்பா நேர்மையானவர், பெரிய மனிதர் என்று எங்கும் எழுதவில்லை. மனுவை வாசித்துக் காட்டுவார், தீர்மானம் எழுதி முடியும்வரை எழமாட்டார், மோதியவர் வீட்டுக்கும் எழுதிக் கொடுத்தார் என்று அவர் செய்வதை எழுதியிருக்கிறீர்கள். தந்தையைக் கொண்டாடும் பிள்ளைகள் பெரும்பாலும் குணத்தைப் புகழ்ந்து நிறுத்திவிடுவார்கள். நீங்கள் வேலைமுறையைக் கவனித்திருக்கிறீர்கள். கற்றுக்கொள்ள முடிவது அதுதான். உங்கள் மதிப்பு நல்ல மதிப்பு, அதைக் குறைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அது சுமையாவதற்குக் காரணம் உண்டு. பெனலோப் லாக்வுட், சீவா குண்டா என்ற இரு உளவியலாளர்கள் 1997இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணக்கியல் படிக்கும் மாணவர்களுக்கு, அதே படிப்பில் மிகச் சிறந்து விளங்கிய ஒருவரைப் பற்றிப் படிக்கக் கொடுத்தார்கள். முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு அது ஊக்கம் தந்தது. கடைசி ஆண்டு மாணவர்களுக்கு அந்த ஊக்கம் கிடைக்கவில்லை, இனி எட்ட முடியாது என்ற எண்ணம் குறுக்கே நின்றது. நாம் வியக்கும் ஒருவர் நம்மைத் தூக்கிவிடுவாரா அழுத்துவாரா என்பது, அந்த இடத்துக்கு நாமும் போகலாம் என்று தோன்றுகிறதா என்பதைப் பொறுத்தது.

நீங்கள் பார்ப்பது 69 வயது அப்பாவை. முப்பது நாற்பது வருடப் பழக்கத்தின் விளைவை. அவர் 36 வயதில் எப்படி இருந்தார், எந்தக் கூட்டத்தில் குரல் நடுங்கியது, எந்த மனு குப்பைக்குப் போனது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. அப்பாக்கள் அவற்றை மகள்களிடம் சொல்வதில்லை. அதனால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தப் பிரச்சினையைக் கையில் எடுப்பது, எதை விடுவது என்று எப்படி முடிவு செய்தீர்கள்? எதைப் பாதியில் விட்டீர்கள், ஏன்? எங்கே தோற்றீர்கள்? மூன்றாவதை அவசியம் கேளுங்கள். பதில் வரும்போது "அதெல்லாம் தோல்வியே இல்லப்பா" என்று குறுக்கிட்டுச் சமாதானம் சொல்லாதீர்கள். பேசவிடுங்கள்.

கூட்டத்தில் வாய் வராமல் போனதைத் தைரியக் குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது பழக்கக் குறைவாகத் தெரிகிறது. ஒரு செயலைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதை ஆல்பர்ட் பண்டூரா 1977இல் வரிசைப்படுத்தினார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், உடலில் தெரியும் பதற்றத்தை நாம் புரிந்துகொள்ளும் விதம். இவற்றில் வலுவானது முதலாவது. அப்பாவைப் பார்த்துப் பார்த்து இரண்டாவது உங்களிடம் நிறையச் சேர்ந்திருக்கிறது. முதலாவது இன்னும் இல்லை. அதைச் சிறிய அளவில் உண்டாக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு இப்படிப் போங்கள். முன்வரிசையில் உட்காருங்கள், பின்னாலிருந்து எழுந்து எல்லோர் தலையும் திரும்பும்போதுதான் படபடப்பு உச்சத்துக்குப் போகும். பேச வேண்டியதை இரண்டு வாக்கியமாகச் சுருக்குங்கள். தெருவின் பெயர், தண்ணீர் தேங்கும் இடத்துக்கு எதிரே உள்ள கதவு எண், எத்தனை நாளாகத் தேங்குகிறது, முந்தைய புகார் எண். அவ்வளவுதான். பேசத் தொடங்கும் நேரத்தையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்: "குடிநீர் பற்றி ஒருவர் பேசி முடித்ததும் நான் எழுவேன்." இப்படி 'இது நடந்ததும் அதைச் செய்வேன்' என்று மனத்தில் கட்டி வைப்பது, பொதுவாக 'இன்று பேசிவிடுவேன்' என்று நினைப்பதைவிட நன்றாக வேலை செய்யும். அப்படியும் குரல் எழவில்லையா, தாளைக் கொடுத்து இரண்டாவது பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கி வாருங்கள். அதுவும் முழுமையான பங்கேற்பு. படபடப்பு கூட்டம் முடிந்தும் விடாமல், இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெடுமானால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

சாக்கடைப் புகார்கள் பல நேரம் தீராமல் போவதற்குக் காரணம் அவை தவறான மேசைக்குப் போவது. சென்னையை எடுத்துக்கொண்டால், மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது, சில பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையுடையவை. மாநகராட்சியின் 1913 எண்ணில் கழிவுநீரைப் பற்றிச் சொன்னால் 'எங்கள் துறை இல்லை' என்று புகார் முடிக்கப்படலாம். தேங்குவது மழை நின்றபிறகு வற்றுகிறதா, வெயில் காலத்திலும் நாற்றத்தோடு நிற்கிறதா என்று பார்த்தால் எது யாருடையது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். வேறு மாநகரிலும் முதல் வேலை இதுதான்: நிற்கும் தண்ணீர் எந்தத் துறையின் பொறுப்பு என்று கண்டுபிடிப்பது.

அப்பாவுக்கு மொழி கைவந்தது. உங்களுக்குக் கணக்கு. தொடர்வது என்றால் திண்ணையில் உட்கார்ந்து மனு எழுதுவதுதான் என்று நினைத்துவிட்டீர்கள். கிராம சபைகளில் வரவு செலவை வாசிக்கும்போது அதைப் புரிந்து கேள்வி கேட்பவர்கள் மிகக் குறைவு. நீங்கள் ஊரில் இல்லாமலேயே அந்த வேலையைச் செய்யலாம். மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால் அந்த ஊராட்சியின் வளர்ச்சித் திட்டமும் நிதி ஆணைய மானியத்தில் நடந்த வரவு செலவும் பார்க்கக் கிடைக்கும். 15ஆவது நிதி ஆணையத்தின் 2021-26 காலத்து ஊராட்சி மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், சுகாதாரம் போன்றவற்றுக்கென்றே ஒதுக்கப்பட்டது, மீதி 40 சதவீதம் ஊரின் தேவைக்கேற்பச் செலவிடக்கூடியது. இது தெரிந்தால், "சுகாதாரப் பணத்தில் எவ்வளவு செலவானது, எதற்கு?" என்று அப்பா கேட்பதற்கு ஒரு பிடி கிடைக்கும்.

ஒரு வேலையை எடுத்துக்கொண்டு மூன்று காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: கிராம சபைத் தீர்மானம், வேலையின் மதிப்பீடு (எஸ்டிமேட்), முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம் (எம்-புக்). உதாரணமாக 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனத்தில் ஒரு கான்கிரீட் சாலை என்றால் 45 கன மீட்டர் கான்கிரீட் விழ வேண்டும். கனம் 10 சென்டிமீட்டர்தான் என்றால் 30 கன மீட்டரில் முடிந்துவிடும். மேலே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே சாலை. கனத்தைப் பார்க்க வேண்டிய நேரம், ஓரங்களில் மண் அணைப்பதற்கு முன்பு. அப்போது பக்கவாட்டில் ஸ்கேலை வைத்து நாலைந்து இடத்தில் அளந்து படம் எடுத்துக்கொள்ளலாம். மண் அணைத்த பிறகு எல்லாம் மறைந்துவிடும். ஏரி தூர்வாரும் வேலையும் அப்படித்தான், மழை பெய்து தண்ணீர் நின்றால் எத்தனை ஆழம் வெட்டினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த மட்ட அளவுகளின் நகலைக் கேட்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 2(j) பிரிவு நகல் பெறும் உரிமையோடு, நடந்த வேலையை நேரில் பார்வையிடவும் பொருளின் சான்றிட்ட மாதிரி எடுக்கவும்கூட உரிமை தருகிறது. இது பலருக்குத் தெரியாது.

கணக்குப் படித்தவர் என்பதால் ஓர் எச்சரிக்கை. தொகை ஒத்துப்போகாததெல்லாம் ஊழல் இல்லை. பகுதிப் பட்டுவாடா, அடுத்த நிதியாண்டுக்குப் போன பில், வரிப் பிடித்தங்கள் என்று முறையான காரணங்கள் உண்டு. 'திருடிவிட்டார்கள்' என்று தொடங்கும் மனுவை எந்த அலுவலரும் எதிர்த்துத்தான் பதில் எழுதுவார். 'இந்த இரண்டு தொகைக்கும் உள்ள வேறுபாட்டுக்கான ஆவணம் வேண்டும்' என்று எழுதினால் ஆவணத்தைத் தேடித்தான் ஆக வேண்டும். ஒரு வார்த்தையும் கூட்டி எழுதாத உங்கள் அப்பாவின் பழக்கம் இங்கேதான் பயன்படுகிறது.

ஒன்றை மறக்காதீர்கள். உங்கள் வாக்கு நகரத்துக்கு மாறியிருந்தால் ஊர் கிராம சபையில் நீங்கள் உறுப்பினர் இல்லை. அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ளவர்கள்தான் உறுப்பினர்கள். நீங்கள் எழுந்து பேசினால் உண்மையான கேள்வி மறைந்து 'வெளியூர் ஆள்' என்ற பேச்சு முன்னால் வரும். கேள்வியைத் தயாரித்துக் கொடுங்கள், ஊரில் வாக்கு உள்ள ஓர் அண்ணனோ அத்தை மகளோ கேட்கட்டும். தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், ஏரிப் பிரச்சினையைத் தீர்மானமாக்க அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகையும் வேண்டும்: 501 முதல் 3,000 பேர் வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் 100 பேர். அந்த எண்ணிக்கை சேரவில்லை என்றால் நல்ல தீர்மானமும் பின்னால் கேள்விக்குள்ளாகும். ஆகவே ஆட்களைக் கூட்டி வருவதும் குடிமைப் பணிதான். உங்கள் சொந்த உறுப்பினர் உரிமை, நகரத்தில் வார்டின் ஒவ்வொரு பகுதி வாக்காளர்களும் கூடும் பகுதி சபையில் இருக்கிறது. அதற்கும் வார்டுக் குழுக்களுக்குமான விதிகள் தமிழ்நாட்டில் 2022இல் வந்தன.

ஏரி மனு பல வருடமாக நகரவில்லை என்கிறீர்கள். மூன்று இடத்தில் சரிபாருங்கள். முதலாவது, ஏரி யாருடையது? நூறு ஏக்கருக்கு, அதாவது 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருப்பது பொது வழக்கம். இரண்டாவது, சட்டம். 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் பொதுப்பணித் துறைக் கட்டுப்பாட்டில் இருந்த (இப்போது நீர்வளத் துறையிடம் உள்ள) ஏரிகளுக்கானது. சிறிய ஏரிக்கு அந்தச் சட்டத்தைச் சொல்லி மனு போட்டால் அது சுற்றிச் சுற்றி வரும். அங்கே 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம்தான் பேச வேண்டும், 7ஆம் பிரிவில் நோட்டீஸ், பிறகு 6ஆம் பிரிவில் வெளியேற்ற உத்தரவு. மூன்றாவது, இடம். 'கலங்கல் பக்கம்' என்று எழுதினால் போதாது. சர்வே எண்ணும் உட்பிரிவும் வேண்டும். கிராம நிலங்களின் வகையைச் சொல்லும் அ-பதிவேட்டில் அந்த எண் 'ஏரி' அல்லது 'புறம்போக்கு' என்று இருக்கிறதா பாருங்கள். நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்பட நகலையும் சேருங்கள். இரண்டும் தமிழ்நாடு அரசின் நில ஆவணச் சேவைத் தளத்திலேயே கிடைக்கின்றன. ஆண்டுதோறும் தாலுகா அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியில் (கிராமக் கணக்குத் தணிக்கையில்) கொடுத்தால், கிராமக் கணக்குகள் அதே மேசையில் திறந்திருக்கும்போது மனுவும் போய்ச் சேரும்.

கொடுத்த மனு என்ன ஆனது என்று தெரிய, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு தகவல் மனு. இங்கே எல்லோரும் தடுக்கி விழும் இடம், "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்பது. அலுவலகத்தில் உள்ள ஆவணத்தைத்தான் சட்டம் தரச் சொல்கிறது, விளக்கத்தை அல்ல. "இன்ன தேதியிட்ட என் மனு தொடர்பான கோப்பின் குறிப்புப் பக்கங்கள், கடிதப் போக்குவரத்து, நில அளவர் அறிக்கை, 7ஆம் பிரிவு நோட்டீஸ் ஆகியவற்றின் நகல்" என்று கேளுங்கள். ஒரு மனுவில் ஒரே விஷயம், மூன்று நான்கு கேள்வி, ஒரு பக்கம். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். நகலுக்கு ஏ4 பக்கத்துக்கு 2 ரூபாய். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தவறான அலுவலகத்துக்குப் போயிருந்தால் அவர்களே 5 நாளில் உரியவருக்கு மாற்ற வேண்டும். பதில் வர 30 நாள். வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாவது. பலர் முதல் மனுவோடு நின்றுவிடுகிறார்கள், அல்லது கெடுவைத் தவறவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள். நேரில் கொடுத்தால் முத்திரையிட்ட நகல் வாங்குங்கள். தபாலில் என்றால், பதிவுத் தபால் 2025இல் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டதால், விரைவுத் தபாலில் டெலிவரிக்கான சான்று கேட்டு அனுப்புங்கள். ஒப்புகை அட்டையின் அருமை உங்கள் அப்பாவுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்தக் கோப்புகளுக்கு இப்போதே ஒரு பதிவேடு தொடங்குங்கள். எக்செல்லில் ஏழு பத்தி போதும்: விஷயம், அனுப்பிய தேதி, அலுவலகம், ஒப்புகை, பதில் வர வேண்டிய தேதி, வந்த பதில், அடுத்த படி. காகிதங்களைக் கைபேசியில் ஸ்கேன் செய்து, கோப்புப் பெயரை ஆண்டு-மாதம்-நாள் என்று தொடங்கினால் தானாக வரிசையில் நிற்கும். எல்லாவற்றையும் காப்பாற்ற நினைக்காதீர்கள். முடிந்தது, உயிரோடு இருப்பது, கைவிட்டது என்று மூன்றாகப் பிரிக்க அப்பாவையே சொல்லச் சொல்லுங்கள். உயிரோடு இருப்பவற்றில் உங்களுக்கு ஒன்றோ இரண்டோ. மீதிக்கு ஊரில் இளையவர் யாராவது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பக்கத்தில் உட்காரட்டும். பிறருடைய ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல் அந்தக் கட்டுகளில் இருக்கும். வேலை முடிந்தவற்றை உரியவரிடம் திருப்பிக் கொடுங்கள், அல்லது கிழித்து எரியுங்கள்.

கணவர் விஷயத்தில் அப்பாவின் பெயரை எடுக்காமல் பேசுங்கள். "உங்க அப்பா மாதிரி எல்லாராலும் முடியாது" என்று அவர் சொல்லும்போது, அலைச்சலும் தாமதமும் அவருக்குத்தான் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். அந்த அலைச்சலை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். விண்ணப்ப எண்ணோடு, நிலை என்ன என்று கேட்டு ஒரு கடிதம், பிறகு தேவைப்பட்டால் மேலே சொன்ன தகவல் மனு. நிலுவையில் கிடக்கும் பல விண்ணப்பங்கள் தகவல் மனு வந்ததும் நகர்ந்துவிடும். சட்டமும் அவருக்குத் தெரியட்டும்: ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் 7 நாளுக்குள் புகார் செய்தால்தான் பாதுகாப்பு. கேட்ட உடனேயே, கொடுப்பதற்கு முன்பே, லஞ்ச ஒழிப்புத் துறையின் 1064 எண்ணில் சொல்வது இன்னும் நல்லது. இது அவரை ஒரு சிக்கலிலிருந்து காக்கும் பேச்சு. அப்பாவோடு ஒப்பிடும் பேச்சாக அவர் காதில் விழக் கூடாது.

கடைசியாக அம்மா. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். கிளைத் தபால் நிலையத்தின் சிறிய சம்பளத்தில் வீடு நடந்தது, ஞாயிறுகளில் திண்ணையில் உட்கார்ந்தவர்களுக்கு மோரும் தண்ணீரும் போனது, மனுவுக்காக அப்பா அலைந்த நாட்களில் மாடும் பிள்ளைகளும் பார்க்கப்பட்டது எல்லாம் யார் கையால் என்று கேட்டுப் பாருங்கள். அப்பா இல்லாத நேரத்தில், தனியாக, அம்மாவை உட்காரவைத்துக் கேளுங்கள். அவர் குறை சொல்லும்போது அப்பாவுக்காக வாதாடாதீர்கள். அவருடைய உழைப்பைச் சேர்த்துப் பார்த்தால் உங்கள் அப்பா மீதுள்ள மதிப்பு குறையாது, அது இரண்டு பேருக்கும் உரியதாகும்.

அம்மாவுக்கு இப்போது தேவை தெளிவான ஓர் ஏற்பாடு. ஞாயிறு பகல் 12 மணிக்கு மேல் திண்ணையில் மனு இல்லை. இதய மருத்துவரிடம் போகும் நாள் எந்தக் கூட்டத்துக்காகவும் தள்ளிப்போகாது. வெளியூர் அலுவலகங்களுக்கு அப்பா போவதாக இருந்தால் முதல் நாளே அம்மாவுக்குத் தெரிய வேண்டும், கூட ஓர் ஆள் போக வேண்டும். இந்த மூன்றையும் அப்பாவிடம் நீங்கள் கேளுங்கள். அம்மா பல வருடம் கேட்டு ஓய்ந்துவிட்டார். நீங்கள் கேட்டால், எழுதியே கொடுத்துவிடுவார்.

அன்புடன்,
ஆலோசகர்